ஆயுத பூசைச் சந்தனமும் நீல விரிப்பும்

“பிச்சு எறி அந்த நீலத்தை! இன்னிக்கே, இப்பவே பிச்சு எறி!”

“அப்பா, ஒரு நிமிசம் நான் சொல்றதைக் கேளுங்…”

“கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்து நிக்கறேன். இன்னும் என்னத்தக் கேக்கோணும்?”

தங்கமுத்துவின் குரல் சாதாரணமாகவே இரண்டு ஷெட் தாண்டிக் கேட்கும். அன்றைக்குச் சேந்தமங்கலம் ரோட்டில் போன டவுன் பஸ்ஸே ஒரு கணம் தயங்கிப் போனது போலிருந்தது. அவருடைய முட்டைக் கோழிப் பண்ணைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். இருந்தாலும் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டால் பாதி வார்த்தை கோழிச் சத்தத்தில் போய்விடும். அவர் மனைவி மயிலம்மாளுக்கு ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி நாட்களுக்காகவே அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

உள்ளே போனால் முட்டை ரூம் வாசலில் அப்பாவும் மகளும். மகள் அறிவுச்செல்வி அப்போதுதான் சேலத்திலிருந்து பஸ் இறங்கி வந்திருந்தாள். தோள்பை தோளிலேயே இருந்தது. தீவனக்கடை குருமூர்த்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, சினிமாவுக்கு வந்தவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோழித் தீவனமும் கோழி மருந்தும் விற்பவர், சொந்தமாக ஒரு சின்னப் பண்ணையும் உண்டு. இந்தப் பக்கத்தில் எந்தப் பண்ணையில் எந்தக் கோழி தும்மினாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். அடுத்தபடியாக எனக்கு.

“வா முத்தாயக்கா,” என்றார் குருமூர்த்தி. “சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கறே.”

“கிண்ணம் குடுக்க வந்தேனுங்க.”

“ஆமாமா. கிண்ணம்.”

விஷயம் இதுதான். தங்கமுத்துவின் முட்டை கப்பலேறி வெளிநாடு போகிறது. முட்டையை வாங்கி அனுப்பும் கம்பெனி, அவ்வப்போது ஒரு ஆளை அனுப்பி முட்டை ரூமில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும். சால்மோனெல்லா என்று பெயர். வயிற்றைப் புரட்டி ஆளைப் படுக்கையில் தள்ளும் கிருமி. ஏற்கெனவே இரண்டு முறை இவர் பண்ணையில் அது அகப்பட்டுவிட்டது. ஷெட்டிலிருந்து வரும் முட்டையெல்லாம் ஒரு பெரிய மேசை மேல் உருண்டு வரும். அங்கே கீறல் விட்டதைப் பொறுக்கிவிட்டு, நல்லதை அட்டையில் அடுக்குவார்கள். கீறல் முட்டை ஒன்று ஒழுகினால் போதும், அந்த மேசையிலிருந்து ஊர் முட்டைக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது முறையும் கிருமி இருந்தால் தங்கமுத்துவின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

குருமூர்த்தி சொன்ன மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி அதைக் குடித்துப் பழகிவிட்டது. போதாக்குறைக்கு மருந்து முட்டைக்குள் இறங்கினாலும் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். இந்த இக்கட்டில்தான் அறிவுச்செல்வி ஒரு நீல நிற ரப்பர் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். சேலத்தில் ஒரு கல்லூரியில் மூன்று வருஷமாக அவள் ஆராய்ச்சி செய்து உண்டாக்கியது. மேசை முழுக்க அதை ஒட்டி, மேலே டியூப் லைட்டுகளை வரிசையாகப் போட்டாள்.

“இதுல என்ன இருக்குது?” என்று அப்போது நான்தான் கேட்டேன். யாராவது கேட்டாக வேண்டுமே.

“ஒரு நீலச் சாயங்க்கா. அது வெளிச்சத்தை வாங்கும். வாங்குனதைப் பக்கத்துல இருக்கற ஆக்சிஜனுக்குக் குடுத்துரும். அந்த ஆக்சிஜனுக்கு வெறி புடிச்ச மாதிரி ஆயிரும். பக்கத்துல எந்தக் கிருமி ஒட்டியிருந்தாலும் அதோட தோலைக் கிழிச்சுப் போட்டுட்டு உடனே அடங்கிரும். நம்மளை ஒண்ணும் பண்ணாது. சாயமும் முட்டைல எறங்காது, ரப்பருக்குள்ளயே இருக்கும்.”

“கிருமி இதுக்கும் பழகிக்காதா?”

“மருந்து ஒரு எடத்துல குத்தும். அந்த எடத்தை மட்டும் மூடிக்கிட்டா கிருமி தப்பிச்சுக்கும். இது எல்லாப் பக்கமும் அடிக்குதுங்க்கா. எங்கேன்னு மூடும்? ஆனா சாயம் மட்டும்னா மெதுவாத்தான் செய்யும். அதுக்குத்தான் கூடவே தங்கம் சேத்திருக்கறோம்.”

“தங்கமா?” என்றாள் மயிலம்மாள். அதுவரை அவள் முட்டை அடுக்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானோ துகள்மா. கண்ணுக்கே தெரியாது. மொத்த விரிப்புலயும் சேத்தாலும் உங்க மூக்குத்தித் திருகுல ஒட்டுன தூசி அளவுகூட வராது.”

மயிலம்மாள் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். சாயங்காலத்துக்குள் மகள் தங்கத்தில் மேசை செய்த கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். பால் ஊற்ற வந்தவரிடம் சொன்னாள், கோவிலில் சொன்னாள். பொன்னேரிக் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலைக்காரியிடமும் சொன்னாள். நான் போகுமிடமெல்லாம் அந்தச் சேதி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இது எனக்குப் பழக்கமில்லாத அனுபவம்.

விரிப்பு போட்டபின் முதல் கொஞ்ச நாள் அறிவுச்செல்வியே மேசையைச் சோதித்துப் பார்த்தாள். கிருமி இல்லை. பிறகு கல்லூரியில் வேலை இருக்கிறதென்று சேலம் போனாள். அவள் இல்லாத நாளில்தான் கம்பெனி ஆள் பிரபாகர் மூன்றாவது சோதனைக்கு வந்தான். எடப்பாடிக்காரன், அளந்துதான் பேசுவான். பஞ்சுக்குச்சியால் மேசையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனான். இன்றைக்குக் காலையில் போன் வந்தது: கிருமி இருக்கிறது, நிறையவே.

அதைக் கேட்டுத்தான் இந்த ரகளை.

“மூணு வருசம்,” என்று தங்கமுத்து கையை ஆட்டினார். “மூணு வருசமா என்ற புள்ள என்னமோ கண்டுபுடிக்கறா, கண்டுபுடிக்கறான்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்சேன். என்ற மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெக்கறது?”

“நான் அப்பவே சொன்னனே மச்சான்,” என்று குருமூர்த்தி ஆரம்பித்தார். “புது மருந்து ஒண்ணு எறங்கியிருக்குது…”

“நீங்க கொஞ்சம் சும்மாருங்க மாமா,” என்றாள் அறிவுச்செல்வி. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “அப்பா, காலேஜ்ல வேலை செய்யுதுன்னா போதாது, வெளிய ஒரு எடத்துல வேலை செய்யோணும்னுதான் எங்க மேடம் சொன்னாங்க. அந்த வெளி எடம் இதுதானுங்க. இதைப் பிச்சுட்டா எனக்கு வேற மேசை இல்லை. என்ன ஆச்சுன்னு நான் பாக்கறேன். பாத்துட்டுப் பிச்சுக்கலாம்.”

“பாத்தது போதும்,” என்று தங்கமுத்து முட்டை ரூமுக்குள் நுழைந்தார். நேராக மேசையின் மூலைக்குப் போய் விரிப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். மகள் பின்னாலேயே ஓடினாள். கிண்ணத்தோடு நானும் ஓடினேன்.

ஓரம் ஒரு விரல் கிளம்பியதும் அறிவுச்செல்வி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அப்பா. நில்லுங்க. இது என்னது?”

நெம்பிய மூலையில் ஒரு சந்தனப் பொட்டு. பொட்டு என்றால் சும்மா தொட்டு வைத்தது இல்லை. வடைக்குத் தட்டிய மாதிரி கனமாக, நடுவில் குங்குமம். காய்ந்து ஓரங்களில் லேசாக வெடித்திருந்தது. அடுத்த மூலையிலும் ஒன்று. நாலு மூலையிலும் நாலு, மேசையின் நட்டநடுவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று.

எங்கள் யார் கண்ணிலும் அது படவே இல்லை. படாததில் ஆச்சரியமும் இல்லை. ஆயுத பூசை முடிந்த வாரம் அது. எங்கள் பக்கம் அந்த வாரத்தில் சந்தனம் குங்குமம் இல்லாத சாமான் எது? லாரிக்கு உண்டு, போர்வெல் ரிக்குக்கு உண்டு, கோழித் தராசுக்கு உண்டு, என் மிக்ஸிக்கும் உண்டு. பொட்டு இல்லாத சாமான் இருந்தால்தான் கண்ணை உறுத்தும்.

“அம்மா!” என்று கூப்பிட்டாள் அறிவுச்செல்வி.

மயிலம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

“இது நீங்க வெச்சதுங்களா?”

“பின்ன? வருசத்துக்கு ஒரு நாளு, வெக்காம இருக்க முடியுமா? தங்கம் போட்ட மேசை வேற. சரசுவதி ஆத்தாளும் லட்சுமியும் சேந்து குடியிருக்கறதாச்சே. அதுக்குத்தான் சாமி, நாலு மூலைக்கும் நடுவுக்கும் நல்லாக் கனமா வெச்சேன். பொட்டு காயறதுக்குள்ள முட்டையைக் கொட்டி அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுல ரெண்டு மூணு ஒடஞ்சுகூடப் போச்சு.”

அறிவுச்செல்வி குனிந்து நடுப்பொட்டின் கனத்தை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “கம்பெனிக்காரர் எங்கெங்கே பஞ்சு தேச்சாரு?”

தங்கமுத்துதான் பதில் சொன்னார். குரல் பாதியாக இறங்கியிருந்தது. “எப்பவும் போலத்தான். நாலு மூலை. நடுவுல ஒண்ணு.”

எங்கள் ஊர் வழக்கமும் கம்பெனி விதியும் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கும் என்று யார் கண்டது? கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கிற கணக்கில்தான் அந்தக் கம்பெனியும் பஞ்சு வைக்கிறது.

“அப்பா, வெளிச்சம் பட்டாத்தான் அந்தச் சாயம் வேலை செய்யும். பொட்டுக்குக் கீழ எப்படி வெளிச்சம் படும்? ஒடஞ்ச முட்டை அது மேல ஒழுகியிருக்குது. ஈரச் சந்தனத்துல முட்டைக்கரு. கிருமிக்கு நாம கூரையும் போட்டுக் குடுத்து, விருந்தும் வெச்சிருக்கறோம்.”

“அட, பொட்டு மேல பழியைப் போடற பாத்தியா,” என்று வாசலிலிருந்து குருமூர்த்தி சிரித்தார். “சாமிக்கு வெச்ச சந்தனத்துலதான் கிருமி இருக்குதாம். காலம் கெட்டுப்போச்சு முத்தாயக்கா.”

மயிலம்மாளின் முகம் சுருங்கிப்போனது. தான் ஆசையாக வைத்த பொட்டுதான் மகளின் மூன்று வருஷத்தைக் குப்புறத் தள்ளியது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிண்ணத்தை அந்த நேரத்தில் நீட்டினேன். வாங்கியவள் என்ன வாங்கினோம் என்றே பார்க்கவில்லை.

அறிவுச்செல்வி அங்கேயே பிரபாகருக்குப் போன் போட்டாள். கெஞ்சவில்லை. “நீங்க தேச்ச எடத்தை நேர்ல வந்து ஒரு தடவை பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்,” என்றாள்.

பிரபாகர் அன்று பிற்பகலே வந்தான். அவனுடைய சோதனைப் பெட்டி மேல் பார்த்தால் அங்கேயும் மூன்று பட்டை விபூதி, நடுவில் பொட்டு! எடப்பாடியில் அவன் அம்மா வைத்ததாம். மேசையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், காதுமடல் சிவந்துவிட்டது.

“நான் பாத்தனுங்க,” என்றான். “பொட்டுன்னு தெரிஞ்சுதுங்க. எங்கயும் இருக்கறதுதானேன்னு அது மேலயே தேச்சுட்டேன். எடத்தை மாத்தக் கூடாதுன்னு விதிங்க.”

“இப்ப என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை எடுங்க,” என்றாள் அறிவுச்செல்வி. “பொட்டு மேல ஒண்ணு. அதுக்கு ரெண்டு விரல் தள்ளி ஒண்ணு. ஒவ்வொரு மூலையிலயும் அப்படியே.”

எடுத்தான். கிருமி வளர்க்கிற வட்டத் தட்டுகளில் அதை இழுத்து மூடினான். அது வளர்ந்து கண்ணுக்குத் தெரிய அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தில் தங்கமுத்து சாப்பிட்டாரோ என்னவோ, எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

தட்டுகள் திரும்பி வந்த அன்று பொட்டு மேல் எடுத்த தட்டில் ராகி இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாகக் கிருமி. இரண்டு விரல் தள்ளி எடுத்ததில் ஒன்றும் இல்லை. சுத்தமாகத் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. நாலு மூலையிலும் அதே கதை.

“சந்தனம் மேலதான் தப்பு, விரிப்பு மேல இல்லை,” என்று பிரபாகர் கம்பெனிக்குச் சொன்னான். கம்பெனி கடைசியாக இன்னொரு சோதனைக்குச் சம்மதித்தது. அதிலும் போனால் பெயர் போனதுதான்.

இப்போது சிக்கல் பொட்டைத் துடைப்பதில் வந்தது. வேலைக்கு வருகிற பெண்கள் ஒருத்தியும் கை வைக்கவில்லை. பூசைக்கு வைத்ததைத் துடைத்தால் பண்ணைக்கு ஆகாது என்றார்கள். அறிவுச்செல்வி துணியை எடுத்தபோது மயிலம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வெச்சவ நானு. எடுக்கறவளும் நானே இருந்துக்கறேன்.”

வெந்நீரில் ஊறவைத்து ஒவ்வொரு பொட்டாக வழித்தெடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. “சரசுவதி ஆத்தா, படிப்புக்குன்னுதான உனக்கு வெச்சேன். இப்ப அந்தப் படிப்பே எடுக்கச் சொல்லுது. கோவிச்சுக்காதே.” எல்லாம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, பூசை அறையிலிருந்து புதுச் சந்தனம் கொண்டுவந்து மகளின் நெற்றியில் வைத்தாள். “உனக்கு வெக்கலாமல்ல? இதுக்கொண்ணும் வெளிச்சம் வேண்டியதில்லையே?”

“வேண்டியதில்லீங்கம்மா,” என்றாள் அறிவுச்செல்வி. அன்றுதான் முதல் தடவையாக அழுதாள்.

கடைசிச் சோதனை அன்று முட்டை ரூம் வாசலில் கூட்டம். குருமூர்த்தி ஒரு அட்டை முட்டையோடு வந்திறங்கினார்.

“சுத்தமான மேசைல கிருமி இல்லைன்னு காட்டறதுல என்ன இருக்குது? அழுக்கு முட்டையை நான் ஒடைக்கறேன். பாதியை இந்த நீலத்து மேல, பாதியை அந்தப் பழைய தகர மேசை மேல. பொறவு நான் சொல்ற எடத்துல பஞ்சு வெக்கோணும். சம்மதமா?”

தங்கமுத்து திகைத்து மகளைப் பார்த்தார். கீறல் முட்டை, எச்சம் ஒட்டிய முட்டை என்று அட்டை முழுக்க நாறிக்கொண்டிருந்தது. தன் பண்ணை முட்டை இவ்வளவு லட்சணம் என்று ஊரைக் கூட்டிக் காட்ட முன்வந்த முதல் மனிதர் குருமூர்த்திதான்.

“சம்மதமுங்க மாமா,” என்றாள் அவள். “நல்லா மெலிசாத் தடவுங்க. தடவிட்டு லைட்டை மட்டும் அணைக்கக் கூடாது. நான் சொல்றப்பத்தான் பஞ்சு.”

“தோத்துட்டா?” என்றார் தங்கமுத்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“தோத்துட்டா நானே பிச்சுத் தாரேனுங்கப்பா. நீங்க நகத்தை ஒடச்சுக்க வேண்டாம்.”

குருமூர்த்தி இரண்டு மேசையிலும் பூசினார். லைட்டுகள் எரிந்தன. கிளம்பிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே யாரும் போகவில்லை. அறிவுச்செல்வி தலையசைத்ததும் குருமூர்த்தி இங்கே, அங்கே, அந்த ஓரத்தில், இந்தக் கால் பக்கத்தில் என்று கை காட்டினார். விதிப்படி தேய்க்கிற ஐந்து இடத்தோடு, அவர் காட்டின இடமெல்லாம் பிரபாகர் தேய்த்தான். இந்தத் தடவை பெட்டியின் மேல் பொட்டு இல்லை, கவனித்தேன்.

தட்டுகளைப் பிரபாகர் மூடி ஒட்டி எடுத்துப்போய், வளர்ந்ததும் நேராகப் பண்ணைக்கே கொண்டுவந்தான். தகர மேசைத் தட்டைத் திருப்பிக் காட்டியபோது கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டு முழுக்க அப்பிக்கொண்டு வளர்ந்திருந்தது. பிறகு நீல விரிப்பின் தட்டுகள். ஒன்று, இன்னொன்று, மற்றொன்று. எல்லாம் வெறும் தட்டு.

குருமூர்த்தி ஒரு தட்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் தட்டைத் தங்கமுத்துவின் கையில் கொடுத்தார். “மச்சான், இந்த விரிப்பு எனக்கும் ஒண்ணு வேணும். என்ற பண்ணைக்கு. யாருகிட்டயும் சொல்லாதே,” என்றார். கூட்டம் முழுக்கக் கேட்டது.

தங்கமுத்துவுக்குப் பேச்சு வரவில்லை. அவருக்குப் பேச்சு வராமல் போனதை இந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. மகளின் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார், ஆட்டுக்குட்டியை ஆட்டுகிற மாதிரி. மூக்கை உறிஞ்சினார். மறுநாள் வந்தது பேச்சு. வந்தது நிற்கவே இல்லை. டீக்கடையில், கூட்டுறவுச் சங்கத்தில், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, “வெளிச்சம் பட்டா ஆக்சிஜனுக்குக் கோவம் வருமுங்க. கோவம் வந்தா அப்பன்னு பாக்காது, ஆத்தான்னு பாக்காது,” என்று பாடம் நடத்தினார். பாதி தப்பு என்று அறிவுச்செல்வி என்னிடம் சொன்னாள். திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், சந்தோசமா சொல்றாரு, விட்டுருங்க என்றாள்.

கம்பெனி தங்கமுத்துவின் பெயரை அடிக்கவில்லை. இன்னும் சில பண்ணைகளில் விரிப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னது. பிறகு ஹைதராபாத்தில் பெரிய பெரிய படிப்பாளிகள் கூடிய கூட்டத்தில் அறிவுச்செல்வி பேசினாள். ஜெயித்த தட்டுகளை அவர்கள் பார்த்துத் தலையாட்டினார்களாம். ஆனால் எழுந்து வந்து கேள்வி கேட்டதெல்லாம் தோற்ற தட்டைப் பற்றித்தானாம். ஒரே விரிப்பில், ஒரே நாளில், மூடின இடத்தில் கிருமி, இரண்டு விரல் தள்ளிக் கிருமி இல்லை. வெளிச்சம்தான் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எப்படிக் கிடைத்தது, இந்தச் சோதனையை யார் யோசித்தது என்று கேட்டார்களாம். “என்ற அம்மாங்க,” என்று சொல்லியிருக்கிறாள். மயிலம்மாள் இதைச் சொன்ன அன்று முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். தங்கம் கலந்த மேசையெல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று.

அதை நான் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். நாற்பதும் இருக்கலாம். நாமக்கல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாத ஒருத்தியிடம், அந்தப் பெண் எங்கள் பக்கத்து வீடு என்று ஆரம்பித்து, நாமக்கல் வந்தும் முடிக்க முடியாமல் அவளோடு இறங்கி நின்று சொன்னேன்.

பிரபாகர் அடிக்கடி பண்ணைக்கு வந்து போனதைப் பார்த்து, அவனுக்கும் அறிவுச்செல்விக்கும் கல்யாணம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தவுமில்லை. ஆனால் அவன் பார்க்க வந்தது, விரிப்பு ஒட்ட அறிவுச்செல்வியோடு கூடமாட வந்துபோன குருமூர்த்தியின் மகள் அபிநயாவை. போன தையில் எடப்பாடியில் கல்யாணம். கம்பெனி அவனைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாற்ற, இருவரும் அங்கே போய்விட்டார்கள். மகள் இல்லாத வீட்டில் குருமூர்த்திக்கு மருந்து விற்கிற தெம்பு குறைந்துவிட்டது. அறிவுச்செல்விக்கு விரிப்பு அச்சடித்துக் கொடுக்கிற ரப்பர் பட்டறைக்காரர் கோகுல்ராஜ், அவரே அவளைக் கேட்டு, அவளும் சரியென்று சொல்லி, ஆவணியில் சேந்தமங்கலத்தில் கல்யாணம் நடந்தது. பந்தியில் எனக்கு முதல் வரிசையிலேயே இடம் போட்டார்கள். இப்போது அவர்கள் சேலம் அழகாபுரத்தில் குடியிருக்கிறார்கள். கீழே பட்டறை, மேலே வீடு.